வைத்திக்குப்பத்துச் சர்க்கார் கல்

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தேசிய அறிவியல் அகாதெமி ஒன்றின் புதுச்சேரிக் கிளையில் ஒருங்கிணைப்பாளர் என்று சொன்னால், "அங்க இன்னா கண்டுபிடிக்கிற?" என்று கேட்பாள். நான் எதையும் கண்டுபிடிப்பதில்லை, கண்டுபிடிக்கிறவர்களைச் சேர்த்து உட்கார வைப்பதுதான் என் வேலை என்றால், "அப்ப கல்யாணத் தரகரா?" என்பாள். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரு காலத்தில் மில்லுக்குப் போனவர்கள், அப்பா உட்பட. மில் வேலையில் பஞ்சு உள்ளே போகும், துணி வெளியே வரும். எங்கள் ஆபீஸில் ஈமெயில் உள்ளே வரும், ஈமெயில் வெளியே போகும். இதை வைத்து அம்மா தெருவில் எப்படிப் பெருமை அடித்துக்கொள்வாள்?

ஒரு ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் தேர் பார்க்கப் போயிருந்தபோது எனக்கு நல்ல விளக்கம் ஒன்று கிடைத்தது. வடம் பிடித்து ஊரே இழுக்கிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் கட்டையும் கையுமாகக் குனிந்தபடியே ஓடுகிறார்கள். தேர் ஒருபக்கமாகப் போனால் கட்டையைப் போட்டுத் திருப்புவார்கள்.

"தோ பாரும்மா, இழுக்கறது ஊரு. தேரு நேரா போவணும்னா இவங்க வேணும். அதான் என் வேலை" என்றேன்.

அம்மா அவர்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "முட்டுக்கட்டை போடறதுக்கா உனக்கு மாசச் சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள். அதற்கப்புறம் நான் விளக்கம் சொல்வதையே விட்டுவிட்டேன்.

ஆனால் அம்மா சொன்னதில் தப்பில்லை. எங்கள் அகாதெமிக்குச் சொந்தமாக ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு பழைய வீட்டின் மாடியில் இரண்டு அறை, சொட்டுகிற ஏசி ஒன்று, பெரிய வட்ட மேஜை ஒன்று. எங்களுடைய ஒரே கருவி அந்த மேஜைதான். நாங்கள் யாருக்கும் போட்டியில்லை என்பதால் யார் கூப்பிட்டாலும் வராத விஞ்ஞானிகள் நாங்கள் கூப்பிட்டால் வருவார்கள். வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். அதுவும் சேவைதான் என்பது டெல்லியில் இருக்கும் எங்கள் தலைமையின் கொள்கை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்லியிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. துறைமுக வாயில் தூர்ந்துபோகாமல் இருக்க அங்கே மண் அள்ளுகிறார்கள். அள்ளுகிற மண்ணைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து, கடல் அரித்த கரைகளில் கொட்டலாம். எந்தக் கரையில் முதலில் கொட்டுவது என்பதுதான் கேள்வி. அரசாங்கம் மூன்று இடங்களில் கேட்டு மூன்று பதில் வாங்கி வைத்திருந்தது. ஒரே பதிலாக மாற்றித் தரும்படி அகாதெமியிடம் சொல்லிவிட்டது. அகாதெமி என்றால் புதுச்சேரியில் நான்தான்.

கரைகளில் தகராறு பிடித்தது வைத்திக்குப்பம். அந்த மூன்று பதில்களையும் சொன்ன மூன்று பேரை முதல் கூட்டத்துக்கு வரவழைத்தேன். சமோசா, டீ எல்லாம் தயார்.

முதலாமவர் படக்காரர். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கரையின் கோட்டை வரைகிறவர். கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஆபீஸ் இருந்தும், கடலை மேலிருந்து மட்டுமே பார்த்த மனிதர். கடல் உள்ளே வந்துவிட்டது என்றார். இரண்டாமவர் மிஷின்காரர். உச்சியில் தட்டு மாதிரி ஒன்று வைத்த நீளக் கோலைத் தூக்கிக்கொண்டு நடப்பார். கோலை ஊன்றிய இடம் பூமியில் எந்த இடம் என்று விரற்கடை பிசகாமல் மிஷின் சொல்லிவிடும். கடல் பின்னால் போயிருக்கிறது என்றார் அவர். மூன்றாமவர் கல்லூரிப் பேராசிரியர். வீட்டில் இன்றைக்கும் பிரெஞ்சு பேசுகிற குடும்பம், இஸ்திரி கலையாத சட்டை. அவருடைய மாணவர்கள் வைத்திக்குப்பத்து மணலில் ஒரு கான்கிரீட் கல்லை நட்டு, மாதாமாதம் அங்கிருந்து தண்ணீர் வரை டேப் பிடித்து அளக்கிறார்கள். தூரம் கொஞ்சம்கூட மாறவில்லை, கடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றார்.

ஒரே கடல். அதுவும் நம் ஊர்க் கடல். வந்திருக்கிறது, போயிருக்கிறது, அப்படியே இருக்கிறது!

"படம் எடுத்தது அலை ஏறியிருந்த நேரமா இருக்கும்" என்றார் மிஷின்காரர்.

"நீங்க ஒரு தடவை கார்த்திகைப் புயலுக்கு அப்புறம் அளந்தீங்க, அடுத்த தடவை ஆடியில அளந்தீங்க. ஆடியில மண்ணு தானா ஏறும் சார்" என்றார் படக்காரர்.

பேராசிரியர் சமோசாவின் மூலையை மட்டும் கடித்துவிட்டுச் சிரித்தார். "படம் பேசும், மிஷின் பேசும். கல் பொய் சொல்லாது, மெஸ்ஸியே." மற்ற இருவரையும் பிரெஞ்சில் 'ஐயாமாரே' என்கிறார்.

ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதையாக நாலு கூட்டம் இப்படியே போனது. எனக்குப் பொறுமை குறைவு. மூன்றாவது கூட்டத்துக்குச் சமோசாவை நிறுத்திவிட்டேன். அப்படியும் ஒருவரும் வழிக்கு வரவில்லை.

எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததற்குக் காரணம் உண்டு. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறாள். அவள் புருஷனும் கொழுந்தனும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். படகு கரையேறியதும் மீனைக் கூடையில் வாங்கி, பக்கத்திலேயே குடையை விரித்து உட்கார்ந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சங்கரா வாங்கப் போனால் மீனை விடப் பேச்சுதான் அதிகம் கிடைக்கும்.

"இன்னாடி, உங்க ஆபீஸ்லதான் முடிவு பண்றாங்களாமே? எங்க பேரு இருக்குதா?" என்று ஒரு ஞாயிறு கேட்டாள்.

"பேசிக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

"பேசட்டும், பேசட்டும். இந்த மழைக்குப் படகை ஏத்த எடம் இருக்காது, பாத்துக்க. அப்புறம் படகை ஹார்பர்ல கொண்டுபோய்க் கட்டணும். அங்க வர்ற மீனு நேரா ஏலத்துக்குப் போயிடும், எங்க கைக்கு வராது. நானும் தெனம் டெம்போ புடிச்சி எங்கனா கம்பெனிக்குப் போவ வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் மீனைச் சுத்தம் செய்கிற கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் போய், மூன்று விஞ்ஞானிகளில் ஒருவர் உங்கள் கரை வளர்ந்திருக்கிறது என்கிறார் என்று எப்படிச் சொல்வேன்? கத்தி அவள் கையில் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மேஜையைச் சுற்றி உட்கார வைத்ததுதான் தப்பு. மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே மணலில் நிற்க வேண்டும். ஆளுக்கொரு நாள் போய் அளந்துவிட்டு வந்து சண்டை போட்டால் முடிவு எங்கிருந்து வரும்? இது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு சின்ன விஷயம் யாருக்கும் தோன்றாமல் இருப்பதற்குத்தான் இந்த உலகத்தில் அகாதெமிகள் தேவைப்படுகின்றன என்று நான் இன்றும் நம்புகிறேன்.

தேதி குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு ஹைதராபாத், ஒருவருக்கு மாமனார் சஷ்டியப்தபூர்த்தி. என் ஃபோன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "கல்யாணத்துக்கே இப்படி நாள் பாக்க மாட்டாங்கடி. நீ தரகரேதான்" என்றாள்.

ஒருவழியாக ஒரு காலையில் மூன்று பேரும் வைத்திக்குப்பத்து மணலில் இறங்கினார்கள். படக்காரர் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஷூ என்று நிலாவில் இறங்கியவர் மாதிரி வந்தார். மிஷின்காரர் கோலோடு. பேராசிரியர் இஸ்திரி கலையாத சட்டையோடு. கரையேறிய படகுகளைச் சுற்றி வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. வந்திருப்பது சர்க்கார் ஆட்கள் என்று தெரிந்ததும் பாதிப் பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பேராசிரியர் கல்லை நட்ட நாளன்று வந்தவர், அதற்குப் பிறகு வரவில்லை. மாணவர்களை அனுப்பிவிடுவார். ஆகவே இங்குமங்கும் பார்த்து, "கல் எங்கே?" என்றார்.

என் தோழி குடையை விட்டு எழுந்து வந்தாள். அவளுடைய கூடைக்குப் பக்கத்திலேயே கல் நின்றது. சிவப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. மேலே ஒரு துளி மணல் இல்லை.

"தோ இருக்குது சார். நாங்கதான் பத்திரமா வச்சிருக்கோம்" என்றாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் பேராசிரியர்.

"இன்னா சார் நன்றி, சர்க்கார் கல்லு, கடல்ல போச்சுன்னா எங்களைத்தானே கேப்பாங்க? ஒவ்வொரு தபா தண்ணி கிட்ட வர்றப்பவும் எல்லாருமா கயிறு போட்டு இழுத்து, பின்னாடி கொண்டாந்து நட்டுடுவோம். நிமிந்து நிக்கிற மாதிரி நல்லாக் குழி தோண்டித்தான் நட்டிருக்கோம். நீங்க வேணா ஆட்டிப் பாருங்க."

யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை. படக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கடல் ஓர் அடி வந்தால் கல்லும் ஓர் அடி பின்னால் போயிருக்கிறது. கல்லுக்கும் கடலுக்கும் நடுவே தூரம் எப்படி மாறும்?

"மாசா மாசம் பசங்க வந்தாங்களே, அவங்க கிட்ட சொல்லலையா நீ?" என்று நான் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும்.

"சொன்னனே! 'தேங்க்ஸ் ஆன்ட்டி'ன்னுட்டுப் போச்சுங்க."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். என்னாலும் அடக்க முடியவில்லை. ஆனால் அவள் சிரிக்கவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டாள். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "தப்பு பண்ணிட்டமாடி? கல்லை நவுத்துனதால எங்களுக்கு மண்ணு வராதா?" என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நல்லது செய்யப் போய்த் தங்கள் கரையைத் தாங்களே கணக்கிலிருந்து அழித்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் மேல் கோபப்படுவதா, அந்தத் தேங்க்ஸ் சொன்ன பிள்ளைகள் மேல் கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

காப்பாற்றியது மிஷின்காரர். அவ்வளவு நாளும் பேராசிரியரோடு எலியும் பூனையுமாக இருந்தவர், அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்: "சார், கல்லை நட்ட அன்னைக்கு இடத்தை மிஷின்ல குறிச்சீங்களா?"

குறித்திருந்தார்கள். பேராசிரியர் தன் ஃபோனில் தேடி அந்த எண்களைப் படித்துக் காட்டினார். மிஷின்காரர் அவற்றைத் தட்டிக்கொண்டு, கோலைப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தார். கண் திரையில், கால் மணலில். மணல் முடிந்தது. அவர் நிற்கவில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் நனைந்தது. அலை ஒன்று வந்து இடுப்பு வரை அடித்தது. படகுக்காரர்கள் இரண்டு பேர் பாய்ந்து போய் ஆளுக்கொரு பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் போய், கோலை ஊன்றி, திரும்பி எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"இங்கதான்! கல்லு இருந்த இடம் இதுதான்!"

படக்காரர் தன் டேப்லெட்டில் பழைய கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "சரியா வருது" என்றார். அவர் சொன்னதற்கும் கல் நகர்ந்ததற்கும் கணக்கு ஒத்துப்போனது. போன வருஷம் ஆடியில் ஏறிய மண்ணைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக, கரையேறி வந்து பேன்ட்டைப் பிழிந்துகொண்டே மிஷின்காரரும் ஒத்துக்கொண்டார். "வுவாலா", அதாவது 'இதோ, ஆச்சு' என்று பிரெஞ்சில் சொல்லி இரண்டு கையையும் விரித்தார் பேராசிரியர். நாலு கூட்டத்தில் நடக்காதது அந்த மணலில் நடந்துவிட்டது. எனக்கு மூன்று பேரையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, நனைந்தவரைத் தவிர.

என் தோழி மட்டும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லை நட்டப்ப அதுக்குப் பக்கத்துலதான் நான் கூடை வச்சிருந்தேன்" என்றாள். கல்லோடு கூடவே அவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்திருக்கிறாள். கடல் வருவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மொத்தமாக எவ்வளவு வந்திருக்கிறது என்று இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனிதரை நிறுத்தி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட அறிக்கையை டெல்லிக்கு அனுப்பினேன். டெல்லி பாராட்டியது. பாராட்டிவிட்டு, ஒரு நாள் ஒத்துப்போனால் போதாது, எல்லாக் கரைகளிலும் இதேபோல மூன்று பேரும் சேர்ந்து தண்ணீரிலிருந்து ஒரே தூரத்தில் ஒரு கல்லை நட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள், எந்தக் கல்லைக் கடல் முதலில் தொடுகிறதோ அந்தக் கரைக்கு முதலில் மண் என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையையே புரட்டியிருப்பேன், கனம் அதிகம். இரண்டு நாள் கழித்து யோசித்தபோது அதில் நியாயம் இருந்தது. மற்றக் கரைகளிலும் தோழிகள் இருப்பார்கள், எனக்குத் தெரியாதவர்கள்.

வைத்திக்குப்பத்தில் புதுக் கல் நட்டார்கள், ஆழமாக. நான் ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். கல்லை யாரும் தொடக்கூடாது. கடல் வந்தாலும் தொடக்கூடாது.

"விழுந்துட்டா?" என்றார் என் தோழியின் கொழுந்தன்.

"விழட்டும்ண்ணே. விழுந்தாத்தான் மண்ணு."

அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் வந்தால் எதையும் மேலே இழுப்பதுதான் அவர்கள் பழக்கம். படகு, வலை, கூடை, அடுத்த வீட்டுக்காரன் நாற்காலி, எதுவானாலும் யாருடையது என்று கேட்காமல் இழுத்துப் போட்டுவிடுவார்கள். அவர்களிடம் போய்ச் சும்மா நின்று வேடிக்கை பாருங்கள் என்கிறேன்.

"அது எப்படிடி முடியும்?" என்றாள் என் தோழி.

"நீதான் பாத்துக்கணும்" என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு வந்தேன்.

ஐப்பசி முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. மழை பெய்தால் பயம், பெய்யாவிட்டால் கவலை. கடல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா? அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டையும் வேண்டிக்க, எது நல்லதோ அதை ஆத்தா பாத்துக்குவா" என்றாள்.

கார்த்திகையில் ஒரு மழைக்காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. அலைச் சத்தத்தில் என் தோழியின் குரல் பாதிதான் கேட்டது.

"கல்லைக் கடல் தொட்டுடுச்சி. நாங்க யாரும் தொடல."

மூன்று பேருக்கும் ஃபோன் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். முன்பெல்லாம் தேதிக்கு மல்லுக்கட்டியவர்கள், எனக்கு முன்னால் வந்து மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். படக்காரர் காலில் ஷூ இல்லை. ஊரே படகுகளை மேலே ஏற்றிவிட்டு வரிசையாக நின்றது. கயிறு அவள் கொழுந்தன் தோளில் கிடந்தது. கல்லைச் சுற்றி நுரை. ஒவ்வொரு அலைக்கும் அடி மணல் கரைந்து, அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கான்கிரீட் துண்டு, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு பெரிய அலை வந்து கல் ஒரு பக்கமாகச் சரிந்தபோது என்னை அறியாமல் இரண்டு அடி முன்னால் போய்விட்டேன், கையை நீட்டிக்கொண்டு. என் தோழி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"சும்மா இருடி" என்றாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். மழை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதாள். நானும்தான். அடுத்த அலைக்குக் கல் போய்விட்டது.

எல்லாக் கரைகளிலும் கடல் முதலில் தொட்டது வைத்திக்குப்பத்துக் கல்லைத்தான். பங்குனியில் அங்கே குழாய் போட்டு மண் கொட்டினார்கள். கறுப்பாக, சேறும் சங்கும் கலந்து வந்தது, நாள்பட வெளுத்தது. படகுகள் பழையபடி ஏறின. அளவு தொடர வேண்டும் என்பதால் மூன்று பேரும் வந்து இன்னொரு சிவப்புக் கல்லை நட்டுவிட்டு, அவளிடம் ஆளுக்கு ஒரு கிலோ மீன் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிறு சங்கரா வாங்கப் போனேன். வழக்கமாகக் கல்லுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அங்கே அவள் இல்லை. தேடினால், மணலின் அந்தக் கோடியில் குடை தெரிந்தது.

"ஏன்டி இவ்ளோ தூரம் வந்துட்ட?" என்றேன்.

அவள் மீனின் செதிலைச் சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"கிட்ட இருந்தா கை சும்மா இருக்காதுடி."